செம்மண் சாலையில் பின் சக்கரம்: மோரிஸ் மைனரின் பட்டை ஸ்பிரிங்கும் பிரேக்கும்

மோரிஸ் மைனர் காரின் பின்பகுதி எளிமையான அமைப்பு. இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு, அந்த அச்சை வண்டியின் உடலோடு பிணைக்கும் இரண்டு பட்டை ஸ்பிரிங்குகள், துள்ளலை அடக்கும் இரண்டு ஷாக் அப்சர்பர்கள், சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு டிரம் பிரேக்குகள். இவ்வளவுதான். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. 1971 வரை தயாரிப்பில் இருந்தது. 16 லட்சம் வண்டிகள் வெளிவந்தன. பிரிட்டனில் பத்து லட்சத்தைத் தொட்ட முதல் கார் இதுவே. முன்பக்கத்துக்கு இசிகோனிஸ் முறுக்குத் தண்டு ஸ்பிரிங்கையும் ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங்கையும் தேர்ந்தெடுத்தார். பின்பக்கத்தில் குதிரை வண்டிக் காலத்திலிருந்து வழக்கில் இருக்கும் பட்டை ஸ்பிரிங்கையே வைத்தார்.

மலாயாவில் இந்தக் கார் நகரத்தோடு நிற்கவில்லை. நெகிரி செம்பிலானின் லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பகாவ் வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களில் கிராணிமாரும் (தோட்டத்து எழுத்தர்கள்) டிரெஸ்ஸர்களும் (தோட்ட மருத்துவமனை உதவியாளர்கள்) பள்ளி ஆசிரியர்களும் வாங்கக்கூடிய விலையில் கிடைத்த சிறிய கார்களில் இதுவும் ஒன்று. ‘என்’ எழுத்தில் தொடங்கும் மாநிலப் பதிவெண்ணோடு இன்றும் ஓடும் மைனர்கள் உண்டு. தமிழ்நாட்டு வாசகர் அம்பாசடரை நினைத்துக்கொண்டால் போதும். மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டு காரின் வழிவந்த அந்த வண்டியும் பின்பக்கத்தில் பட்டை ஸ்பிரிங்கும் டிரம் பிரேக்கும் கொண்டதே.

அரை நூற்றாண்டு தாண்டிய ஒரு மைனரின் பின்பகுதியைப் புதுப்பிப்பது பார்வைக்கு இரும்பு வேலை. உள்ளே இறங்கினால் அதில் பாதி ரப்பர் வேலை என்பது தெரியும். ஸ்பிரிங்கின் காதுகளில் ரப்பர், ஷாக் அப்சர்பரின் இணைப்பில் ரப்பர், அச்சின் ஆயிலைத் தடுப்பது ரப்பர், பிரேக் அழுத்தத்தைத் தாங்குவதும் ரப்பர். எந்த மரத்தைச் சீவ இந்தத் தோட்டங்கள் உருவாயினவோ, அந்த மரத்தின் பால்தான் தோட்டத்துச் சாலையில் வண்டியைத் தாங்கியது, நிறுத்தியது. எது ரப்பரைக் கெடுக்கும், எது கெடுக்காது என்று தெரிந்தவரே இந்த வேலையைச் சரியாகச் செய்ய முடியும்.

சாலை செய்யும் வேலை

தோட்டத்துச் சாலை பெரும்பாலும் செம்மண் சாலை. வெப்பமண்டல மழை பாறையிலிருந்து சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போனபின் மிஞ்சும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளே அந்த மண்ணுக்குச் சிவப்பைத் தருகின்றன. காய்ந்தால் தூளாகப் பறக்கும். நனைந்தால் களியாக ஒட்டும். வண்டியின் அடியில் ஒட்டிய களி லேசில் காயாது. ஸ்பிரிங்கின் மேலும், அது உடலோடு சேரும் தாங்கிகளின் உள்ளேயும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நாட்கணக்கில் இரும்பைத் தின்னும்.

காய்ந்த செம்மண் சாலையில் இன்னொரு தொல்லையும் உண்டு. லாரிகளும் டிராக்டர்களும் ஓடி ஓடிச் சாலையின் குறுக்கே வரிசையாகச் சிறு மேடுகள் எழும். துவைக்கும் பலகை போன்ற அந்த மேடுகள் 60 செ.மீ. இடைவெளியில் இருப்பதாகவும், கார் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போவதாகவும் வைத்துக்கொண்டால், சக்கரத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 14 அடிகள் விழும். அச்சும் சக்கரமும் சேர்ந்து டயரின் மேல் இயல்பாகத் துள்ளும் வேகமும் நொடிக்கு 10 முதல் 15 முறை என்ற அளவில்தான் பெரும்பாலான கார்களில் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகும்போது ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல ஒவ்வோர் அடியும் துள்ளலை வளர்க்கிறது. சக்கரம் தரையில் இருக்கும் நேரம் குறைகிறது. தரையைத் தொடாத சக்கரத்துக்குப் பிரேக் இருந்தும் பயனில்லை.

பின் சஸ்பென்ஷனையும் பிரேக்கையும் ஒரே வேலையாகச் செய்ய வேண்டியதற்கு வேறு காரணமும் உண்டு. பிரேக் பிடிக்கும்போது டிரம்மைப் பற்றும் விசை அச்சையும் சேர்த்துச் சுழற்றப் பார்க்கும். மைனரில் அந்தச் சுழற்சியைத் தடுக்கத் தனித் தண்டு எதுவும் கிடையாது. பட்டை ஸ்பிரிங்தான் தடுக்கிறது. அடித்துப் பிரேக் போடும்போது ஸ்பிரிங் சற்றே பாம்புபோல் வளைந்து நிமிரும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ அதன் காதிலுள்ள ரப்பர் புஷ் கிழிந்திருந்தாலோ புதிதாகப் போட்ட பிரேக்கும் உதறத்தான் செய்யும்.

தூக்குவதும் பார்ப்பதும்

முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பின்பகுதியை உயர்த்தி, வண்டியின் உடலை ஸ்பிரிங் தாங்கிகளுக்கு முன்னால் உறுதியான இடத்தில் ஸ்டாண்டுகளில் நிறுத்த வேண்டும். அச்சுக்குத் தனியாக ஒரு ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் யாரும் படுக்கக் கூடாது. தரை கான்கிரீட்டாக இல்லையென்றால் ஸ்டாண்டின் கீழ் கனமான பலகை போட வேண்டும். மழையில் ஊறிய மண் பாரத்தில் மெல்ல அமிழும்.

களியை முழுக்கக் கழுவிய பின் முதலில் பார்க்க வேண்டியது தாங்கிகளை. மைனருக்குத் தனிச் சட்டம் இல்லை. உடலின் தகடுகளே சட்டமாக நிற்கின்றன. ஸ்பிரிங்கின் முன்முனையும் பின்முனையும் அந்தத் தகடுகளில்தான் தொங்குகின்றன. சிறு சுத்தியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற தகடு மந்தமாக ஒலிக்கும், அல்லது உதிரும். உதிர்ந்த தகட்டின் மேல் புது ஸ்பிரிங்கை மாட்டிப் பயனில்லை. துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதே முதல் வேலை.

ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்துக்குப் போவது நல்ல வழக்கம். எந்த வாஷர் எங்கே, எந்த போல்ட் எந்தப் பக்கமிருந்து நுழைகிறது என்பதற்குப் பிரிக்காத பக்கமே பாடப்புத்தகம்.

பட்டை ஸ்பிரிங்

பட்டை ஸ்பிரிங் என்பது நீளத்தில் படிப்படியாகக் குறையும் எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு போல்ட்டால் இறுக்கிய கட்டு. எல்லாவற்றிலும் நீளமான மெயின் பட்டையின் இரு முனைகளும் காதுபோல் சுருட்டப்பட்டிருக்கும். முன் காது உடலில் நிலையாகப் பூட்டப்படுகிறது. பாரம் ஏறும்போது ஸ்பிரிங் நிமிர்ந்து நீளும் என்பதால் பின் காது, ஷேக்கிள் எனும் ஆடும் இணைப்பில் தொங்குகிறது. நடு போல்ட்டின் தலை அச்சிலுள்ள குழியில் உட்காரும். யூ போல்ட்டுகள் அச்சையும் கட்டையும் சேர்த்து இறுக்கும்.

பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 6 மி.மீ. தடித்த பட்டை துருப்பிடித்து 5 மி.மீ. ஆனால் குறைந்தது ஆறில் ஒரு பங்குதான். ஆனால் விறைப்பு 42 விழுக்காடு போய்விடும். தோட்டத்து வண்டிகளின் பின்பகுதி உட்கார்ந்து போவதற்கு வயதைவிடத் துருவே பெரிய காரணமாக இருப்பது இதனால்தான்.

பிரித்த பட்டைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். விரிசல் பொதுவாக இரண்டு இடங்களில் தொடங்கும். ஒன்று, நடு போல்ட்டின் துளை. மற்றொன்று, மெயின் பட்டையின் காது வளையும் இடம். மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சுண்ணப் பொடி தூவினால், விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். விரிசல் கண்ட பட்டையை வெல்டிங் செய்யக் கூடாது. ஸ்பிரிங் எஃகின் உறுதி, சூடாக்கிக் குளிர்வித்து மீண்டும் மிதமாகச் சூடாக்கும் முறையால் வருவது. வெல்டிங் வெப்பம் அந்த உறுதியை அந்த இடத்தில் அழித்துவிடும்.

வளைவு மட்டும் குறைந்து, தடிமன் நன்றாக இருந்தால், லாரிக்குப் பட்டை அடிக்கும் பட்டறையில் மீண்டும் வளைத்து வாங்கலாம். இரண்டு பக்கக் கட்டுகளையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் வளைத்தால் வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கும். பட்டைகளுக்கிடையே கிராஃபைட் கிரீஸ் தடவி அடுக்கி, புது நடு போல்ட் போட்டு முடுக்க வேண்டும். யூ போல்ட்டுகளையும் புதிதாகவே போட வேண்டும். ஒருமுறை முழு விசையில் இறுக்கிய யூ போல்ட் சற்று நீண்டுவிட்டிருக்கும். மறுமுறை அதே பிடிப்பு வராது.

புஷ்: தோட்டத்துப் பால் செய்யும் வேலை

ஸ்பிரிங்கின் காதுக்கும் அதைத் தாங்கும் போல்ட்டுக்கும் நடுவே ரப்பர் புஷ் இருக்கிறது. மைனரில் இது இரண்டு பாதிகளாக, இரு பக்கமிருந்தும் நுழைப்பதாக இருக்கும். இரும்போடு இரும்பு உரசாமல் காப்பதும், சாலையின் அதிர்வு உடலுக்கு ஏறாமல் தடுப்பதும் இதன் வேலை. இந்த இடத்துக்கு இயற்கை ரப்பரே நெடுங்காலமாக முதல் தேர்வு. அதற்கான காரணம் அதன் மூலக்கூறில் இருக்கிறது.

மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர். ஐசோபிரீன் எனும் சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்த நீண்ட சங்கிலி அது. சங்கிலிகள் தனித்தனியாக இருக்கும்வரை வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டறிந்தபடி கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால், சங்கிலிகளுக்கிடையே கந்தகம் பாலம் போடுகிறது. இழுத்தால் நீளும், விட்டால் பழைய வடிவுக்கு வரும். இயற்கை ரப்பருக்கு இதற்கும் மேலே ஒரு குணம் உண்டு. அதை மிகுதியாக இழுக்கும்போது சங்கிலிகள் ஒரே திசையில் அணிவகுத்துப் படிகமாகின்றன. ஒரு சிறு கிழிசல் தோன்றினால் அதன் நுனியில்தான் இழுப்பு அதிகம். அங்கேயே படிகம் உருவாகிக் கிழிசல் வளரவிடாமல் தடுக்கிறது. லட்சக்கணக்கான முறை முறுக்கியும் புஷ் தாங்குவது இதனால்.

அந்தக் கிழிசல் எங்கே தொடங்குகிறது என்பதும் முக்கியம். ரப்பருக்குள் கலந்த மணல், பட்டைத் துணுக்கு போன்ற அழுக்கில் தொடங்கலாம். மலேசியா 1965-இல் கொண்டுவந்த தரப்படுத்தப்பட்ட மலேசிய ரப்பர் திட்டம், கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்கும் பழைய வழக்கத்தை மாற்றி, ஆய்வுக்கூடத்தில் அழுக்கின் அளவு உள்ளிட்டவற்றை அளந்து தரம் சொன்னது. விடியுமுன் மரம் சீவப் போனவர் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்து வைத்த கவனத்துக்கு, உலகின் எங்கோ ஓர் ஆலையில் செய்யும் புஷ்ஷின் ஆயுளோடு நேரடித் தொடர்பு இருந்தது.

இயற்கை ரப்பரின் பலவீனங்களும் தெளிவானவை. முதலாவது எண்ணெய். ரப்பரும் பெட்ரோலிய எண்ணெயும் கார்பன், ஹைட்ரஜன் மட்டுமே கொண்ட ஒரே இனப் பொருள்கள். எண்ணெய் சங்கிலிகளுக்கிடையே புகுந்து அவற்றை விலக்கும். ரப்பர் உப்பி இளகும். இரண்டாவது ஓசோன். காற்றில் மிகக் குறைவாக இருந்தாலும், இழுபட்ட ரப்பரின் மேற்பரப்பிலுள்ள இரட்டைப் பிணைப்புகளை அது அறுக்கும். பழைய புஷ்ஷின் மேல் தெரியும் நுண்ணிய வெடிப்புகள் அதன் கைவரிசை.

எனவே புது புஷ்ஷை நுழைக்க கிரீஸோ எஞ்சின் ஆயிலோ தடவக் கூடாது. சோப்புத் தண்ணீர் போதும். அதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. புஷ் போல்ட்டின் மேல் வழுக்குவதில்லை. இரு முகமும் பிடிபட்டு, நடுவில் முறுக்கிக்கொண்டே வேலை செய்கிறது. அச்சு தொங்கிய நிலையில் நட்டுகளை முழுக்க இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கியவுடனே புஷ் முறுக்கிய நிலையில் நிற்கும். ஒவ்வொரு பள்ளமும் அந்த முறுக்கின்மேல் மேலும் முறுக்கும். புஷ் சில மாதங்களில் கிழியும். போல்ட்டுகளைக் கையளவில் மாட்டி, சக்கரங்களைப் பூட்டி, வண்டியைத் தரையில் நிறுத்தி, ஸ்பிரிங் தன் இயல்பான வளைவுக்கு வந்த பிறகே இறுதியாக இறுக்க வேண்டும்.

இசிகோனிஸ் வடிவமைத்து 1959-இல் வெளிவந்த மினி காரில் எஃகு ஸ்பிரிங்கே இல்லை. அலெக்ஸ் மோல்டன் உருவாக்கிய ரப்பர்க் கூம்புகளே நான்கு சக்கரங்களுக்கும் ஸ்பிரிங்காக அமைந்தன. மைனரில் துணைக்கு இருந்த ரப்பர் மினியில் முழுப் பாரத்தையும் ஏற்றுக்கொண்டது.

ஷாக் அப்சர்பர்

ஸ்பிரிங் ஆற்றலைச் சேமிக்கும், தீர்க்காது. வண்டியின் பாரத்தில் ஸ்பிரிங் 10 செ.மீ. அமிழ்ந்திருந்தால், ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தபின் உடல் நொடிக்கு ஏறத்தாழ 1.6 முறை ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தைச் சூடாக மாற்றித் தீர்ப்பது ஷாக் அப்சர்பர். மைனரில் இது இன்றைய குழாய் வடிவில் இல்லை. வார்ப்புப் பெட்டி ஒன்று உடலில் பூட்டப்பட்டிருக்கும். அதிலிருந்து நீளும் கை, சிறு இணைப்புத் தண்டு வழியே அச்சோடு சேரும். கை ஆடும்போது பெட்டிக்குள் பிஸ்டன்கள் ஆயிலைச் சிறு வால்வுகள் வழியே பிதுக்குகின்றன.

இணைப்பைக் கழற்றிக் கையை மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். முழு வீச்சிலும் ஒரே அழுத்தமான எதிர்ப்பு இருக்க வேண்டும். நடுவில் திடீரென்று தளர்ந்தால் ஆயில் குறைந்து காற்று புகுந்திருக்கிறது. நிரப்பும் மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். உள்ளே விழும் ஒரு மணல் துணுக்கு வால்வை அடைத்துவிடும். தயாரிப்பாளர் சொன்ன மெல்லிய ஆயிலை ஊற்றி, கையைப் பலமுறை அசைத்துக் காற்றை வெளியேற்றலாம். கையின் தண்டு வெளிவரும் இடத்தில் ஆயில் கசிந்தால், ஊற்றுவதால் பயனில்லை. பெட்டியை மாற்றியாக வேண்டும். இணைப்புத் தண்டின் ரப்பர் தேய்ந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். அங்கே சில மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால், சாலையின் சிறு மேடுகள் அனைத்தும் அந்த ஆட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும். ஷாக் அப்சர்பர் வேலையே செய்யாது.

டிரம்மும் லைனிங்கும்

பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக்கும் கருவி. ஆட்களோடு 1000 கிலோ எடையுள்ள ஒரு கார் 60 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 140 கிலோஜூல் வெப்பம் எழுகிறது. அதே கார், சிரம்பானிலிருந்து கோலப்பிலா போகும் வழியிலுள்ள புக்கிட் புத்துஸ் போன்ற மலைச்சாலையில் 200 மீட்டர் உயரம் இறங்கும்போது, பிரேக்கை மட்டும் நம்பினால் 1960 கிலோஜூல். 14 முறை நின்றதற்குச் சமம். நான்கு டிரம்களின் இரும்பும் சேர்ந்து 16 கிலோ என்று வைத்து, சூடு எதுவும் காற்றில் போகவில்லை என்றும் கொண்டால், டிரம்மின் வெப்பநிலை 260 டிகிரிக்கு மேல் ஏறும். சூடேறிய டிரம் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூவை விட்டு விலகுகிறது. 178 மி.மீ. விட்டமுள்ள டிரம் இந்தச் சூட்டில் அரை மில்லிமீட்டர் அகலும். ஷூவின் மேலுள்ள லைனிங்கின் பிடிப்பும் குறையும். பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும். இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினையும் வண்டியைப் பிடித்து வைக்கச் செய்வதன் காரணம் இதுதான்.

டிரம்மைக் கழற்றியவுடன் உள்ளிருக்கும் தூளை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அகற்ற வேண்டும்.

பின் டிரம்மில் இரண்டு ஷூக்கள். சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது ஒன்றை டிரம்மே இழுத்துத் தன்மேல் மேலும் அழுத்திக்கொள்கிறது. அது முன்னணி ஷூ. மற்றொன்றை டிரம் தள்ளிவிடப் பார்க்கிறது. அது பின்னணி ஷூ. மைனரின் முன் சக்கரங்களில் இரண்டுமே முன்னணி ஷூக்கள். பின்பக்கம் ஒன்று இப்படி, ஒன்று அப்படி. இதற்கு இரண்டு காரணங்கள். ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தில் இருப்பதால், வண்டி மேட்டில் ஏறிய வாக்கில் நின்றாலும் இறங்கிய வாக்கில் நின்றாலும் பிடிக்க வேண்டும். இரண்டாவது, பிரேக் போடும்போது பாரம் முன்னே சாய்கிறது. மைனரின் முன்பின் சக்கர இடைவெளி 2.18 மீட்டர். ஈர்ப்பு மையம் அரை மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதாகக் கொண்டால், வலுவான பிரேக்கில் சுமார் 150 கிலோ பாரம் பின்னிலிருந்து முன்னுக்கு மாறும். பின் பிரேக் அதிக வலுவோடு இருந்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு, நனைந்த செம்மண்ணில் வண்டியின் வால் சுழன்றுவிடும். 1962-இல் 1098 சி.சி. எஞ்சின் வந்தபோது முன் டிரம்களை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கியவர்கள் பின் டிரம்களை 7 அங்குலத்திலேயே வைத்தார்கள்.

டிரம்மின் உட்புறம் வரிவரியாகக் கீறலோ நீள்வட்டமோ இருந்தால் கடைசலில் மெல்லச் சீவலாம். அளவுக்கு மேல் சீவிய டிரம் சூட்டைத் தாங்காது. புது டிரம்தான் போட வேண்டும். லைனிங்கை எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

லைனிங்கில் ஆயில் படிந்திருந்தால் அதைக் கழுவி மீண்டும் போடக் கூடாது. உள்ளே ஊறிய ஆயில் சூட்டில் வெளியே வரும். ஆயில் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதே சரி. அச்சின் முனையிலுள்ள ஆயில் சீல் தேய்ந்திருக்கலாம். அதற்கு முன் பார்க்க வேண்டியது அச்சின் மூச்சுத் துளையை. ஓட்டத்தில் சூடேறி விரியும் காற்று வெளியேறும் வழி அது. களி அதை அடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீலைக்கூடத் தாண்டி ஆயில் டிரம்முக்குள் வந்துவிடும். துளையைத் திறக்காமல் சீலை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்காலத்தில் அதே வேலை திரும்ப வரும்.

சிலிண்டரும் பிரேக் ஆயிலும்

பெடலின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது ஒரு திரவம். மூடிய திரவத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்ற பாஸ்கல் விதியே இதன் அடிப்படை. கால் 20 கிலோ விசை கொடுத்து, பெடல் அதை ஐந்து மடங்காக்கி, அது 4 சதுர செ.மீ. பிஸ்டனில் விழுந்தால், குழாய் முழுதும் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 25 கிலோ அழுத்தம் நிற்கும். அந்த அழுத்தத்தைச் சிலிண்டருக்குள் பிடித்து வைப்பது ஒரு சிறு ரப்பர் கப்.

மைனரின் பின் சிலிண்டர், தாங்கு தட்டில் வழுக்கி நகரும் வகை. பிஸ்டன் ஒரு ஷூவைத் தள்ளும்போது, சிலிண்டரின் உடல் எதிர்ப்பக்கம் நகர்ந்து மற்ற ஷூவைத் தள்ளுகிறது. வழுக்கும் இடம் துருப்பிடித்து இறுகினால் ஒரு ஷூ மட்டுமே வேலை செய்யும். அந்த இடத்தைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கு உரிய கிரீஸை மெல்லியதாகத் தடவ வேண்டும். சிலிண்டரின் உட்சுவரில் குழிகள் விழுந்திருந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். புதுக் கப்பைக் குழி விழுந்த சுவர் சில வாரங்களில் கிழித்துவிடும். கப்பின் உதடு எப்போதும் அழுத்தம் வரும் பக்கத்தையே பார்த்திருக்க வேண்டும்.

ஆரம்பகால பிரேக் ஆயில்கள் ஆமணக்கு எண்ணெயும் ஆல்கஹாலும் கலந்தவை. அன்றைய கப்புகள் இயற்கை ரப்பர். பெட்ரோலிய எண்ணெய் அந்த ரப்பரைக் கெடுக்கும், ஆமணக்கு கெடுக்காது. பிறகு வந்த கிளைக்கால் வகை ஆயில்களும் ரப்பரோடு ஒத்துப்போபவை. இன்றைய கப்புகள் பெரும்பாலும் செயற்கை ரப்பர். பெட்ரோலிய எண்ணெய் அவற்றுக்கும் ஆகாது. பழைய கப்பு ஒன்றை பெட்ரோலிலும், அதேபோன்ற ஒன்றைப் புது பிரேக் ஆயிலிலும் ஓர் இரவு ஊறப்போட்டால் மறுநாள் காலையில் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். பிரேக் பாகங்களைப் பெட்ரோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவக் கூடாது. பிரேக் ஆயிலாலேயே கழுவ வேண்டும்.

கிளைக்கால் ஆயிலுக்கு ஒரு குறை உண்டு. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸில் கொதிக்க வேண்டும் என்பது குறைந்தபட்ச அளவு. ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்குகிறது. மலை இறக்கத்தில் சூடேறிய சிலிண்டருக்குள் ஆயில் கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவி அமுங்கும், அழுத்தத்தைக் கடத்தாது. கால் தரைவரை போகும், வண்டி நிற்காது. ஆண்டு முழுதும் ஈரக் காற்று வீசும் நாட்டில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆயிலை முழுதும் மாற்றுவது உயிர் காக்கும் செலவு. சிலிக்கோன் வகை ஆயில் ஈரத்தை உறிஞ்சாது. ஆனால் உள்ளே புகுந்த தண்ணீர் துளியாகத் தாழ்வான இடத்தில் தேங்கித் துருவைத் தரும். இரண்டு வகைகளையும் ஒருபோதும் கலக்கக் கூடாது.

மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தகட்டுக்குக் கீழே, உடலின் நீள்சட்டத்துக்குள் இருக்கிறது. களியும் தண்ணீரும் எளிதில் அடையும் இடம். பெடலுக்கும் அதன் பிஸ்டனுக்கும் இடையே சிறு தளர்வு விட்டே பூட்ட வேண்டும். தளர்வு இல்லையென்றால் பிஸ்டன் முழுதும் பின்வாங்காது. ஆயில் திரும்பும் சிறு துளை மூடியபடியே இருக்கும். சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாமல் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். மைனரில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் வழிதான். ஒரு கப்பு கிழிந்தால் நான்கும் போகும். பின்பகுதியை மட்டும் புதுப்பித்து, மாஸ்டர் சிலிண்டரையும் முன் சிலிண்டர்களையும் பார்க்காமல் விடுவது பாதி வேலை.

உடலிலிருந்து அச்சுக்குப் போகும் வளையும் ரப்பர்க் குழாயை, வெளியே நன்றாகத் தெரிந்தாலும், மாற்றிவிட வேண்டும். உட்சுவர் உப்பி வழியை அடைத்தால், மிதிக்கும்போது போகும் ஆயில் விட்டபின் திரும்பாது. பிரேக் பிடித்தபடியே நிற்கும். எஃகுக் குழாய்களுக்குப் பதிலாகச் செம்பு நிக்கல் கலவைக் குழாய்களைப் போட்டால் துருப் பயம் தீரும்.

பூட்டுவதும் சோதிப்பதும்

ஹேண்ட்பிரேக் கேபிள்களை உறைக்குள் தாராளமாக நகரும்படி கிரீஸ் ஏற்றிப் பூட்ட வேண்டும். ஆயில் பிரேக் முழுதும் செயலிழந்தால் மிஞ்சுவது இதுவே. ஷூக்களை முதலில் டிரம்மை இறுக்கிப் பிடிக்கும்வரை சரிசெய்து, பிறகு சக்கரம் தடையின்றிச் சுழலும் அளவுக்கு ஒரு படி தளர்த்த வேண்டும். அதன் பின்னரே ஹேண்ட்பிரேக்கைச் சரிசெய்ய வேண்டும். வரிசை மாறினால் தேய்ந்த ஷூவின் குறையைக் கேபிள் மறைத்துவிடும்.

காற்று எடுக்கும் வேலை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கும். வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் அது இடப்பின் சக்கரம். அடுத்து வலப்பின், இடமுன், வலமுன். ஒருவர் பெடலை மெதுவாக மிதிக்க, மற்றவர் திருகைத் திறந்து, பெடல் மேலேறும் முன் மூட வேண்டும். குழாயின் நுனி ஆயிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். குமிழி நின்றபின் பெடல் கல்போல் உறுதியாக நிற்க வேண்டும். வெளிவந்த ஆயிலைத் திரும்ப ஊற்றக் கூடாது. அதில் காற்றும் ஈரமும் கலந்துவிட்டன.

வண்டியைத் தரையில் இறக்கி, புஷ் போல்ட்டுகளையும் யூ போல்ட்டுகளையும் இறுதியாக இறுக்கியபின், முதல் ஓட்டம் சமதரையில், நடக்கும் வேகத்தில் இருக்க வேண்டும். புது லைனிங் டிரம்மின் வளைவோடு முழுதும் பொருந்தச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை மலைச்சாலைக்குப் போகாமல், மிதமான வேகத்தில் பலமுறை நிறுத்தி ஓட்ட வேண்டும். 500 கி.மீ. முடிந்ததும் யூ போல்ட்டுகளை மீண்டும் இறுக்கி, ஷூக்களை மீண்டும் சரிசெய்ய வேண்டும். மலேசியாவின் புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை மையங்களில் சக்கரத்தை உருளைகளின்மேல் நிறுத்தி, இடவலப் பிரேக் விசைகளை அளந்து ஒப்பிடும் சோதனை இந்த வேலைக்குச் சரியான தேர்வு.

கருவி இல்லாத இடத்திலும் ஒரு சோதனை உண்டு. பத்து நிமிடம் ஓட்டி, பலமுறை நிறுத்தி வந்தபின், பின் சக்கரங்களின் அருகே கையைக் காட்ட வேண்டும். டிரம்மைத் தொடக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரே அளவு அனல் வீசினால் இரண்டு பிரேக்குகளும் சமமாக வேலை செய்கின்றன. ஒரு பக்கம் குளிர்ந்திருந்தால் அங்கே சிலிண்டர் நகரவில்லை. ஒரு பக்கம் மட்டும் மிகுதியாகச் சுட்டால் அங்கே ஷூ விலகவில்லை. அதைக் கண்டு சரிசெய்து, மறுபடி ஓட்டி, இரண்டு பக்கமும் ஒரே சூடு வந்தபின்தான் வேலை முடிகிறது.